ஆன் காலில் (கூப்பிட்டால் உடனே வரத் தயாராக) படுத்திருப்பது டியூட்டியா, இல்லையா?

இரவுப்பணி:
டாக்டர்கள் குழுவில் நேற்று ஒரு மூத்த சர்ஜன் போட்ட பதிவு: "பர்ன் அவுட் (வேலை அழுத்தத்தில் முழுதாகச் சோர்ந்து போவது) என்பதெல்லாம் புதிதாகக் கிளப்பிவிட்ட பேச்சு. வாரம் 100 மணி நேரம் வேலை என்று புலம்புகிறவர்கள், ஆன் கால் அறையில் படுத்திருந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குக் காட்டுகிறார்கள்."

படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. படுத்திருந்த நேரமாமே! மெடிசின் யூனிட் அட்மிஷன் ராத்திரி, அதாவது புது நோயாளிகளை எங்க யூனிட் சேர்த்துக்கிற ராத்திரி, ஒண்ண எடுத்துக்கோங்க. 11 மணிக்குத் திருவள்ளூர் பக்கத்துலேர்ந்து பாம்புக்கடி வருது. 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் அசைக்காம வைக்கணும். பிளாஸ்டிக் குழாயோ, சோப்பு போட்டுக் கழுவின குழாயோ மாட்டிச்சுன்னா நல்ல ரத்தமே உறையாது, விஷம் ஏறியிருக்குன்னு தப்பா முடிவு பண்ணிடுவோம். உண்மையிலேயே உறையலைன்னா 10 வயல் (சின்ன மருந்துக் குப்பி) விஷமுறிவு மருந்து ஒரு மணி நேரத்தில் ஏத்தணும். அந்த மருந்தே ஒவ்வாமல் போகலாம், அதனால அட்ரினலின் 0.5 மில்லி சிரிஞ்சில் இழுத்து வச்சுக்கிட்டுக் கட்டில் பக்கத்திலேயே நிக்கணும். 6 மணி நேரம் கழிச்சு மறுபடி அதே குழாய், அதே 20 நிமிஷம். அதுக்குள்ள விடிஞ்சிடும். பக்கத்துக் கட்டில்ல டி.கே.ஏ. (சர்க்கரை நோய் முத்தி ரத்தத்தில் அமிலம் சேர்ந்த நிலை) ஒண்ணு இருந்தா மணிக்கொரு சர்க்கரை அளவு பார்க்கணும், பொட்டாசியம் 3.3க்குக் கீழே இருந்தா இன்சுலினைத் தொடவே கூடாது. இதுல படுத்திருந்த நேரம் எது?

அடையாறு_சர்ஜன்:
அந்தப் பதிவு என்னுடையது. இங்கே வந்து முதுகுக்குப் பின்னால் பேச வேண்டாம். 1992ல் மத்திய சுகாதார அமைச்சகம் போட்ட ரெசிடென்சி (ஆஸ்பத்திரியில் வேலை செய்தபடியே பயிற்சி பெறும் டாக்டர்களுக்கான) ஆணையைப் படித்துவிட்டுப் பேசுங்கள். தொடர் பணி பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. ஆன் கால் ஒரு தடவைக்கு 12 மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்பது தனி வரி. இரண்டும் ஒன்றென்றால் எதற்குத் தனி வரி? எழுந்து பாம்புக்கடியைப் பார்த்தால் அது பணி, மறுக்கவில்லை. எழாத நேரம் பணி இல்லை.

இரவுப்பணி:
அதே ஆணையில ஜூனியர் ரெசிடென்ட் வாரம் 48 மணி நேரம்னும் இருக்கே, அந்த வரி மட்டும் கண்ணுல படலையா?

கணக்குப் போடுவோம். அட்மிஷன் நாள் காலை 8லேர்ந்து மறுநாள் காலை 8 வரை 24. அப்புறம் போஸ்ட் அட்மிஷன் ரவுண்ட்ஸ், ஸ்கேனுக்கு ஆள் அனுப்புறது, டிஸ்சார்ஜ் எழுதுறது முடிய மாலை 4, இன்னும் 8. ஆக ஒரே மூச்சில் 32. மீதி 4 நாள், நாளுக்கு 9னு குறைச்சே வச்சாலும் 36. ஞாயிறு ரவுண்ட்ஸ் 4. மொத்தம் 72. வாரத்துல இன்னொரு ராத்திரி வார்டு கால் விழுந்தா மாலை 5லேர்ந்து காலை 8 வரை 15. ஆக 87. ரெண்டு ராத்திரியும் ராத்திரிக்கு 5 மணி நேரம் தூங்கினாங்கன்னு உங்க ஆசைக்குக் கழிச்சாலும் 77.

அடையாறு_சர்ஜன்:
100 என்றார்கள். இப்போது 87. கழித்தால் 77. நான் சொன்னதும் இதுதானே தம்பி. கணக்கை ஊதிப் பெருக்குகிறீர்கள் என்றேன், நீங்களே குறைத்துக் காட்டிவிட்டீர்கள். 48 என்கிற வரியிலும் 'சாதாரணமாக' என்ற சொல் இருக்கிறது. வேலைப் பளுவையும் டாக்டர்கள் எண்ணிக்கையையும் பார்த்து மெடிக்கல் சூப்பரின்டெண்டென்ட் மாற்றலாம் என்றும் இருக்கிறது. முழுதாகப் படியுங்கள்.

இரவுப்பணி:
தம்பி இல்லை. பெண். பேர் தெரியாதவங்க எல்லாரும் உங்களுக்குத் தம்பிதான் போல.

அடையாறு_சர்ஜன்:
சரி அம்மா. 'சாதாரணமாக' என்ற சொல் மாறாது.

கணக்கு_சரியா:
நடுவில் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-11ல், 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருப்பது, பர்ன் அவுட்டை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் தீராத அழுத்தத்தால் வரும் நிலை என்கிறது. ஆற்றல் வற்றிப் போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது கசந்து போதல், செய்கிற வேலை பலனற்றது என்ற உணர்வு என மூன்று கூறுகள். மணி நேரக் கணக்கு அதில் எங்கேயும் இல்லை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்யலாமே?

இரவுப்பணி:
அப்புறம் பார்க்கலாம் சார். ஆன் கால் டியூட்டியா இல்லையா, அதுக்கு முதல்ல பதில் வரட்டும்.

மயக்கமருந்து:
ஐரோப்பாவில் இதுக்கு எப்பவோ பதில் வந்தாச்சு. ஜெர்மனியில் கீல் நகர மருத்துவமனை டாக்டர் ஒருத்தர் தொடுத்த வழக்கில், 2003ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்தாகணும்னா, தூங்கினாலும் அது வேலை நேரம். 2000லேயே ஸ்பெயின் வழக்கிலும் இதே திசைதான். அமெரிக்காவில் 2003லேர்ந்து 4 வார சராசரியில் வாரம் 80 மணி நேரம். ஆஸ்பத்திரியில் தங்கிப் பார்க்கிற கால் முழுசா அதுக்குள்ள அடக்கம். வீட்டிலிருந்து பார்க்கிற கால்தான் வேறே, அதில் ஆஸ்பத்திரிக்கு வந்த நேரமும் வீட்டிலிருந்து செஞ்ச வைத்திய வேலையும் மட்டும் சேரும். அடையாறு சார் ரெண்டையும் குழப்பிக்கிறார்.

அடையாறு_சர்ஜன்:
கீல் வேறு, கீழ்ப்பாக்கம் வேறு. அங்கே வாசலில் ஓ.பி. சீட்டுக்கு இத்தனை பேர் நிற்பதில்லை.

அமெரிக்கா என்றால் அதையும் பேசுவோம். 2016ல் வெளிவந்த ஆய்வில் 117 அறுவை சிகிச்சைப் பயிற்சித் திட்டங்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஷிஃப்ட் நீளக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். நோயாளிகள் நிலை மோசமாகவில்லை. ஏன்? குடல் அடைப்போடு வந்தவரின் வயிற்றை மாலை 6க்குத் தொட்ட கையே இரவு 10க்கும் 2க்கும் தொட வேண்டும். வயிறு இறுகுகிறதா, நாடித் துடிப்பு ஏறுகிறதா என்பது அந்தக் கைக்குத்தான் தெரியும். அடுத்த ஷிஃப்ட்டிடம் ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் சீட்டில் 'வயிறு மென்மை' என்று எழுதியதை நம்பிப் படுத்தவர் காலையில் குடல் அழுகியதைப் பார்ப்பார். என் தலைமுறை சர்ஜன்கள் இப்படித்தான் உருவானோம். யாரும் மணி எண்ணவில்லை.

இரவுப்பணி:
பாதி சொன்னீங்க சார். அந்த ஆய்வில் ரெண்டு பக்கமும் வாரம் 80 மணி நேர உச்சவரம்பு அப்படியே இருந்தது. தளர்த்தினது ஒரு ஷிஃப்ட்டோட நீளத்தையும், நடுவில விடுற ஓய்வையும்தான். உச்சவரம்பே இல்லாத ஊருக்கு அதை எப்படிக் கொண்டு வர்றீங்க? தளர்த்தின பக்கத்து ரெசிடென்ட்டுகள், குடும்பத்துக்கும் உடம்புக்கும் நேரம் இல்லைன்னு அதிகமாச் சொன்னதும் அதே ஆய்வில்தான் இருக்கு.

2004ல் வந்த ஹார்வர்ட் ஆய்வையும் பாருங்க. ஐ.சி.யூ.வில் பழைய நீண்ட ஷிஃப்ட்டில் இருந்த இன்டர்ன்கள், ஷிஃப்ட்டைக் குறைச்சவங்களைவிட 36 சதவீதம் கூடுதலாக் கடுமையான தவறு செஞ்சாங்க. 17 மணி நேரம் விழிச்சிருந்தவரோட தடுமாற்றம் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருக்கிறவரோட தடுமாற்றத்துக்குச் சமம்னு 1997லேயே ஆய்வு வந்தாச்சு. நம்ம மோட்டார் வாகனச் சட்டத்து வரம்பு 100 மில்லிக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03. அண்ணா சாலையில் வண்டி ஓட்டினா கேஸ் போடுற அளவு தடுமாற்றத்தோட சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள்ள குழாய்) போடலாம், இல்லையா?

ராயபுரம்_ஸ்டெத்:
மணிக்கணக்கை விடுங்கப்பா. வேலையில் மனசு விட்டுப் போறதுக்குக் காரணம் வேறே. 2009ல் போட்ட அரசாணை 354, காலமுறை ஊதிய உயர்வு. அதைத் திருத்தச் சொல்லி 2019 அக்டோபரில் அரசு டாக்டர்கள் வேலை நிறுத்தம் பண்ணாங்க. அப்போ வெளியே இருந்த பெரிய சர்ஜன்கள் எத்தனை பேர் வாயைத் திறந்தாங்க? காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு ஆபரேஷனுக்கு முன் அனுமதி வாங்க ஸ்கேன், படம், நோட்ஸ் எல்லாம் ஏத்தணும். 'தெளிவில்லை'ன்னு கேள்வி வந்தா மறுபடி ஏத்தணும். அதையும் அதே பி.ஜி.தான் (மேற்படிப்பு படிக்கிற டாக்டர்) ராத்திரி உட்கார்ந்து செய்யறார். இது படுத்திருந்த நேரமா?

அடையாறு_சர்ஜன்:
தமிழ்நாட்டில் அரசு டாக்டர் டியூட்டி முடிந்து தனியார் பிராக்டிஸ் செய்யலாம். மாலை 6 முதல் 10 வரை கிளினிக்கில் உட்காரும்போது வராத சோர்வு, ஆஸ்பத்திரியில் மட்டும் எப்படி வருகிறது?

ராயபுரம்_ஸ்டெத்:
பி.ஜி.க்குப் பிராக்டிஸ் கிடையாது. யாரைப் பத்திப் பேசறோம்னு தெரியாம அடிக்காதீங்க. கிளினிக் வைக்கிறவங்களும் சம்பளம் பத்தாமத்தான் வைக்கிறாங்க.

மயக்கமருந்து:
எல்லாரும் அதுக்காக வைக்கல. அண்ணா நகர்ல போய்ப் பாருங்க.

ராயபுரம்_ஸ்டெத்:
நீங்க எத்தனை நர்சிங் ஹோம்ல கேஸுக்கு இவ்வளவுன்னு வாங்குறீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல.

அடையாறு_சர்ஜன்:
தனி வரி ஏன் என்று கேட்டிருந்தேன். இன்னும் பதில் இல்லை. நர்ஸ் எழுப்பி, இன்சுலின் அளவு எழுதிக் கொடுத்துவிட்டு 5 நிமிடத்தில் மறுபடி படுப்பதை ஒரு மணி நேரமாகக் கணக்கு வைப்பது நியாயமா?

இரவுப்பணி:
அந்த 5 நிமிஷத்துக்குள்ள என்ன நடக்கும்னு சொல்றேன். இன்சுலின் சிரிஞ்ச் ரெண்டு வகை. சிவப்பு மூடி மில்லிக்கு 40 யூனிட் இருக்கிற வயலுக்கு, ஆரஞ்சு மூடி மில்லிக்கு 100 யூனிட் இருக்கிற வயலுக்கு. வார்டுல ரெண்டும் ஒரே டிரேயில் கிடக்கும். 100 யூனிட் வயல்லேர்ந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தா உள்ளே போறது 20 இல்லை, 50 யூனிட். காலையில நோயாளி மயக்கத்தில் கிடப்பார். அந்த வயலையும் சிரிஞ்சையும் விளக்கு வெளிச்சத்தில் ஒத்துப் பார்க்கிற தெளிவு, தூக்கத்திலேர்ந்து எழுந்த முதல் கால் மணி நேரத்தில் யாருக்கும் முழுசா இருக்காது. உங்க கைக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். 5 நிமிஷ வேலைக்கு ராத்திரி பூரா உஷாரா இருக்கணும். அந்த ராத்திரி பூராவும் டியூட்டிதான்.

தனி வரிக்கும் பதில்: கால் நேரம் டியூட்டி இல்லைன்னு அந்த வரி சொல்லல. அதை நீங்க சேர்த்துக்கிட்டீங்க. 2023ல் என்.எம்.சி. (தேசிய மருத்துவ ஆணையம்) விதியிலும் எண்ணே இல்லை, 'நியாயமான வேலை நேரம்'தான். 2024ல் அவங்களோட பணிக்குழுவே வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாதுன்னு பரிந்துரைச்சது. நான் கழிச்சுக் காட்டின 77 அதையும் தாண்டுது.

அடையாறு_சர்ஜன்:
பரிந்துரை ஆணை ஆகாது.

கணக்கு_சரியா:
32 மணி நேரத்தில் சாப்பாட்டு நேரத்தைக் கழிக்கவில்லையே?

இரவுப்பணி:
வார்டு மேசையில் கேஸ் ஷீட்டை ஒதுக்கி வச்சுட்டு நின்னபடி நாலு வாய் போடறதை எதுல கழிக்கச் சொல்றீங்க?

அடையாறு_சர்ஜன்:
சாப்பாட்டுக்கு 2 கழித்தால் 87 இல்லை, 85.