அடுப்பு மேடைக்கு எந்தக் கல்? போட்டு அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

திருச்சியிலிருந்து

ஆறு வருஷத்துக்கு முன் வீடு கட்டியபோது, அடுப்பு மேடைக்கு வெள்ளைக் கல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அம்மா வீட்டு அடுப்படி எப்போதும் இருட்டாக இருக்கும். என் வீட்டிலாவது வெளிச்சமாக இருக்கட்டும் என்று ஆசை. கடையில் காஷ்மீர் ஒயிட் காட்டினார்கள். பெயர்தான் காஷ்மீர், கல் வெட்டுவது நம் மதுரைப் பக்கம். வெள்ளையில் ஆங்காங்கே சிவப்புப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். அதெல்லாம் கார்னெட் மணிகள். பார்த்ததும் பிடித்துப்போனது. "கிரானைட் எதையும் குடிக்காதும்மா, பயப்படாதீங்க" என்றார் கடைக்காரர்.

முதல் தீபாவளிக்கு அதிரசம் சுட்டேன். எண்ணெய் வடியட்டும் என்று மேடையில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் அடுக்கி வைத்தேன். காலையில் தாளை எடுத்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கல் கறுத்திருந்தது. சோப்பு போட்டேன், வெந்நீர் ஊற்றினேன், எதற்கும் அசையவில்லை. கறை கல்லுக்கு மேலே இல்லை, உள்ளே இறங்கியிருந்தது. அப்புறம் எண்ணெய்த் தூக்கு வைக்கும் இடத்தில் ஒரு வட்டம் விழுந்தது. மஞ்சள் விஷயம் இன்னும் வேடிக்கை. ஜன்னலோரம் சிந்தியது சில நாளில் வெயிலிலேயே வெளுத்துவிட்டது. மிக்ஸிக்குப் பின்னால், வெயில் படாத மூலையில் சிந்தியது அப்படியே நிற்கிறது.

சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து எண்ணெய்க் கறைமேல் கனமாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு ராத்திரி விட்டேன். மூன்று முறை செய்தபின் பாதி மங்கியது. இந்த மாதிரி வெளிர் கல்லில் நுண்துளை அதிகம், புழங்குவதற்கு முன்பே அந்தத் துளைகளை அடைக்கும் சீலர் என்ற பூச்சைப் பூசியிருக்க வேண்டும், பிறகும் அவ்வப்போது பூச வேண்டும் என்று வேறொரு கல் பதிப்பவர் பின்னால் சொன்னார். வாங்கும்போது இதை யாராவது சொல்லியிருந்தால் நான் அந்தக் கல்லை எடுத்திருக்கவே மாட்டேன்.

இப்போது மேடையை மாற்றப்போகிறோம். இந்தத் தடவை அவசரப்பட மனசில்லை. உங்கள் வீட்டில் என்ன கல், எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஓசூரிலிருந்து

அக்கா, நான் கறுப்புக் கல்லில் ஏமாந்து, அப்புறம் கறுப்புக் கல்லுக்கே திரும்பி வந்தவன்.

பழைய வீட்டில் போட்ட கல் வாங்கிய நாளில் மை மாதிரி கறுத்து மின்னியது. இரண்டே வருஷத்தில் சிங்க் ஓரமெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. அது சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றியது என்று பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது வீட்டுக்கு ஜிகணிப் பக்கம் கல் பார்க்கப் போனபோது மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டிலையும் வெள்ளைத் துணியையும் எடுத்துப் போனேன். முதல் யார்டில் ஒரு ஓரத்தில் அழுத்தித் தேய்த்தேன், துணி கறுப்பாக வந்தது. பேசாமல் வெளியே வந்துவிட்டேன். மூன்றாவது யார்டில் துணி வெள்ளையாகவே இருந்தது. அங்கேயே கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, கால் மணி நேரம் கழித்துத் துடைத்துப் பார்த்தேன். தடம் இல்லை. விழுப்புரம் பக்கத்துக் குன்னம் கல். எட்டு வருஷமாகப் புளியும் எண்ணெயும் அதன்மேல்தான் புழங்குகின்றன, ஒரு கறை இல்லை.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கடைக்காரர்கள் கறுப்பு கிரானைட் என்று விற்பதில் பெரும்பாலானவை கிரானைட்டே இல்லை. புவியியல்காரர்கள் அதை டோலரைட், கேப்ரோ என்பார்கள். நெருக்கமான கல், அதனால்தான் எண்ணெய் இறங்க வழியில்லை. அதில் ஒரு தொல்லையும் உண்டு. எங்கள் போர் தண்ணீர் உப்பு. குழாயடியில் வெள்ளையாகப் படியும், கறுப்பில் அது பளிச்சென்று தெரியும். ராத்திரி படுக்கப்போகும் முன் உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றிவிட வேண்டும்.

சிங்க்குக்கும் அடுப்புக்கும் ஓட்டை வெட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். உள்மூலையைக் கூராக வெட்ட விடாதீர்கள், வளைவாக வரட்டும். விரிசல் எப்போதும் கூர்மூலையிலிருந்துதான் கிளம்பும். ஓட்டை போட்ட கல்லைப் படுக்கவைத்துத் தூக்கினாலும் போயிற்று. எங்கள் முதல் துண்டு மாடிப்படியில் அப்படித்தான் இரண்டானது. கண்ணாடியைத் தூக்குவது மாதிரி நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து

பாட்டி வீட்டில் கடப்பாக் கல் மேடை. என் வயசைவிட அதற்கு வயசு அதிகம். அது சுண்ணாம்புக் கல் என்பதால் புளிப்பு பட்டால் பாலிஷ் போய்விடும். பாட்டி புளி கரைக்கும் இடம் மட்டும் வட்டமாக மங்கி, கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகியிருக்கிறது. மார்பிளுக்கும் இதே கதைதான், எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்தாலே தடம் விழும். இப்போது கட்டுகிறவர்கள் கடப்பாவை மேடைக்குக் கீழே அலமாரித் தட்டுகளுக்குப் போடலாம். விலையும் குறைவு, கனமான அரிசி டின்னையும் தாங்கும்.

கோவையிலிருந்து

நாங்கள் போட்டிருப்பது குவார்ட்ஸ். மஞ்சள், பீட்ரூட், காபி எதுவாக இருந்தாலும் துடைத்தால் போய்விடுகிறது. மூன்று வருஷத்தில் கறைக்காக நான் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. சூடுதான் அதற்கு ஆகாது. கல் தூளைப் பிசின் சேர்த்து அழுத்திச் செய்வதுதானே, கல் தாங்கினாலும் பிசின் தாங்காது. மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தபோது வடை பொரித்த இரும்பு வாணலியை அப்படியே மேடையில் இறக்கிவிட்டார். பாவம், அவர் காலமெல்லாம் கருங்கல்லில் இறக்கி வைத்துப் பழகியவர். வாணலி அடி அளவுக்குப் பழுப்பு வளையம் விழுந்தது. பாலிஷ்காரர் வந்து பார்த்துவிட்டு, இது எடுபடாது என்றார். அத்தை அன்று சாப்பிடவே இல்லை. அவரைச் சமாதானம் செய்ததுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. பிரிமனை போட மறக்காத வீடாக இருந்தால் குவார்ட்ஸ் நல்லதுதான்.

சிட்னியிலிருந்து

கோவை சகோதரி சொன்ன குவார்ட்ஸ் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இங்கே ஆஸ்திரேலியாவில் அந்தச் செயற்கைக் கல்லைச் செய்வதற்கும் விற்பதற்கும் பதிப்பதற்கும் 2024 ஜூலை 1 முதல் தடை. உலகிலேயே இந்தத் தடையை முதலில் கொண்டுவந்த நாடு இதுதான். மேடையாக வீட்டில் கிடக்கும் கல்லால் யாருக்கும் ஆபத்தில்லை. வெட்டும்போதும் தேய்க்கும்போதும் பறக்கும் தூள்தான் கொல்கிறது. அதில் சிலிகா என்ற கனிமம் 95 சதவீதம் வரைகூட இருக்கும். மூச்சில் போய் நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் வரும். வந்தால் குணமாகாது. இங்கே முப்பது, நாற்பது வயது ஆட்களுக்கே வந்தது.

எங்கள் சமையலறைக்கு அளவெடுக்க வந்தவர் அப்படிப்பட்ட பட்டறையில் பல வருஷம் இருந்தவர். நுரையீரல் பரிசோதனைக்கு வருஷா வருஷம் போவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு டேப்பை மடக்கினார், மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. நாங்கள் இயற்கைக் கல்லே எடுத்தோம்.

கிரானைட்டிலும் சிலிகா உண்டு, அளவுதான் குறைவு. ஊருக்கு வரும்போதெல்லாம் பார்க்கிறேன், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பையன்கள் காய்ந்த கல்லை அறுக்கிறார்கள். தெருவே வெள்ளையாகிறது. துண்டு அந்தத் தூளைத் தடுக்காது. எந்தக் கல் எடுத்தாலும் சரி, தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். சரியான மாஸ்க்கும் வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்காரர் சொன்னால் கேட்பார்கள்.

திருச்சியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பேச்சைக் கேட்டு மூன்று கடையில் உடைந்த துண்டு கேட்டு வாங்கி வந்தேன். யாரும் காசு வாங்கவில்லை. ஒவ்வொன்றிலும் நல்லெண்ணெய், கரைத்த புளி, மஞ்சள் குழம்பு ஊற்றி ஒரு ராத்திரி விட்டேன். குவார்ட்ஸ் எல்லாவற்றிலும் தேறியது. ஆனால் எங்கள் வீட்டில் தோசைக்கல்லையும் குக்கரையும் இறக்கி வைக்காத நேரமே கிடையாது. சிட்னியிலிருந்து வந்ததைப் படித்தபின் அதை எடுக்க மனமும் வரவில்லை. ஸ்டீல் கிரே என்ற சாம்பல் நிற கிரானைட் துண்டு எண்ணெயைக் கொஞ்சம் குடித்திருந்தது. கறுப்பு அப்படியே இருந்தது, ரிமூவர் துணியும் வெள்ளையாகவே வந்தது. கறுப்புதான் என்று முடிவு செய்தோம். வெளிச்சத்துக்குச் சுவரில் வெள்ளை டைல் ஒட்டிக்கொள்கிறேன்.

நேற்று கல் வெட்ட வந்த தம்பிக்கு இருபது வயதுகூட இருக்காது. "தம்பி, தண்ணீர் விட்டு வெட்டுங்க" என்றேன். "வாசலெல்லாம் சேறாகுங்க்கா" என்றான். நான் கழுவிக்கொள்கிறேன் என்று சொல்லி, ஹோஸைப் பிடித்துக்கொண்டு வெட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். வாங்கி வைத்திருந்த மாஸ்க்கை முதலில் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். இரண்டு தடவை சொன்னபின் போட்டுக்கொண்டான். சிங்க் மூலை நாலும் வளைவாக வந்திருக்கிறது. வாசல் கழுவ ஒரு மணி நேரம் பிடித்தது. நாளைக்குக் காலையில் மேடை ஏறுகிறது.