க்விட்கிளெய்ம் பத்திரத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

ஃப்ரீமாண்டிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். தம் பெயரிலுள்ள வாடகை வீட்டை எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்) பெயருக்கு மாற்றுவது பற்றிக் கலிஃபோர்னியாத் தமிழர்களுக்கு ஒரு கையேடு மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அந்த நிறுவனத்துக்காக ஆண்டுதோறும் 800 டாலர் மாநில வரி கட்டுகிறவர்கள் எல்.எல்.சி. என்றே சொல்வதால் அதைத் தொடவில்லை. சிக்கல் ‘க்விட்கிளெய்ம்’. “இதில் எனக்கு உரிமை ஏதும் இருந்தால் விட்டுக்கொடுக்கிறேன், இருக்கிறது என்று பொறுப்பேற்க மாட்டேன்” என்பதே அதன் சாரம். ‘விடுதலைப் பத்திரம்’ பொருந்துமா?

மதுரையிலிருந்து:
பொருந்தாது தம்பி. முப்பது ஆண்டாகப் பத்திரம் எழுதுகிறேன். விடுதலைப் பத்திரம் என்றால் அக்காள் தன் பங்கைத் தம்பிக்கு எழுதிக்கொடுப்பதுதான் இங்கே நினைவுக்கு வரும். நேற்றுப் பதிவான எல்.எல்.சி.க்கு முன்பே ஏது பங்கு? ‘உரிமைவிடுப்புப் பத்திரம்’ என்று எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் ஊரில் ‘விடுப்பு’ ஊர்வம்பைக் குறிக்கும். பத்திரம் என்றும் சொல்வதில்லை; காணி உறுதி, நன்கொடை உறுதி என்போம். ‘உரிமைத் துறப்பு உறுதி’ நல்லது.

தஞ்சாவூரிலிருந்து:
கெடு என்பது கேடு ஆவதுபோல, விடு என்பது வீடு ஆகும். முதனிலை திரிந்த தொழிற்பெயர். அறம், பொருள், இன்பத்துக்குப் பின் வரும் வீடும் இதுவே. குடியிருக்கும் வீடும் நடையை விட்டுத் தங்கிய இடம்தான். ஆகவே ‘உரிமைவீட்டு ஆவணம்’ என்பதே இலக்கண வடிவம்.

ஃப்ரீமாண்டிலிருந்து:
ஐயா, ‘உரிமைவீடு’ என்றால் படிப்பவர் சொந்த வீடு என்றே கொள்வார். எதற்கும் உறுதி கூறாத தாளை ‘உறுதி’ என்பதும் நெருடுகிறது. நேற்று ஓர் அம்மா தம் பத்திரத்தைக் காட்டினார். ஒரே பக்கம், கீழே நோட்டரி முத்திரை. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறது. வீடு கைமாறினாலும் வங்கி முழுக்கடனையும் உடனே கேட்கக்கூடாத இனங்களை 1982ஆம் ஆண்டின் கார்ன்–செயின்ட் ஜெர்மெயின் சட்டம் வரிசைப்படுத்துகிறது; எல்.எல்.சி.க்கு மாற்றுவது அதில் இல்லை. இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பத்திரத்தின் பெயராவது அவரை நிறுத்தி யோசிக்க வைக்க வேண்டும். ‘பொறுப்பேற்காத உரிமைவிடுப்புப் பத்திரம்’ என்கிறேன்.

மதுரையிலிருந்து:
நீளம்தான். ஆனாலும் படித்தவுடன் விளங்குகிறது. எனக்குச் சம்மதம்.

தஞ்சாவூரிலிருந்து:
அச்சுக்கு நாள் இல்லை என்பதால் விட்டுக்கொடுக்கிறேன். ‘ஆவணம்’ என்றாவது மாற்றியிருக்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எனக்குச் சம்மதமில்லை. காணி உறுதியில் உள்ள உறுதி வாக்குறுதி அன்று. எழுதி நிலைநிறுத்திய தாள். அடிக்குறிப்பிலாவது ‘துறப்பு உறுதி’ என்று சேருங்கள். கலிஃபோர்னியாவில் எங்கள் ஊர்க்காரரும் வீடு வைத்திருக்கிறார்கள்.