நின்று அளந்தால் பாஸ், ஓடினால் கறுப்புக் கொடி: ட்ராக் சத்த வரம்பில் உங்கள் அனுபவம் என்ன?

எட்டாம்வளைவு:

பந்தய ட்ராக்கில் ஓட்டப் போயிருந்தேன். காலையில் என் காரை நிறுத்தி வைத்து எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) சத்தத்தை அளந்தார்கள், 97 டெசிபல். வரம்பு 100. ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே விட்டார்கள். இரண்டாவது செஷனில் டயர் சூடேறி, வண்டி நான் நினைத்தபடி திரும்ப ஆரம்பித்த நேரம். மேட்டில் ஏறும் வளைவிலிருந்து வெளியே வரும்போது மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தேன். அடுத்த முறை மெயின் ஸ்ட்ரெயிட்டுக்கு வந்தால் கறுப்புக் கொடி, அதாவது ட்ராக்கை விட்டு உள்ளே வா என்ற சைகை, பக்கத்தில் பலகையில் என் வண்டி எண். எண்ணெய் ஒழுகுகிறதோ, எதாவது தொங்குகிறதோ என்று பயந்துகொண்டே பிட்டுக்குள் வந்தேன். "ஓடும்போது வரம்பைவிட 4 டெசிபல் அதிகம். இன்றைக்கு இவ்வளவுதான்" என்றார் அங்கிருந்தவர்.

அந்தப் பலகையில் என் எண்ணைப் பார்த்த நொடி இன்னும் உறுத்துகிறது. இந்த எக்ஸாஸ்டை ட்ராக் வரம்புக்காகவே செய்தது. நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது, 63 மி.மீ. குழாய், நடுவில் குறிப்பிட்ட சுருதியை அடக்கும் ஒரு ரெசனேட்டர், பின்னால் நேர்வழி மஃப்ளர் (வாயு நேராகப் போகும் சத்தம் அடக்கி). வீட்டில் அளந்ததும் முறைப்படிதான்: குழாய் வாயிலிருந்து அரை மீட்டர், 45 டிகிரி, உச்ச ஆர்பிஎம்மில் (எஞ்சினின் நிமிடச் சுழற்சி) முக்கால் பங்கு.

பிறகு யோசித்துப் பார்த்தால் காரணம் தெளிவாகவே இருக்கிறது. நிற்கிற வண்டியில் லோடு இல்லை. டாக்கோமீட்டர் 5000 காட்டினாலும் த்ராட்டில், அதாவது காற்றை உள்ளே விடும் கதவு, கொஞ்சம்தான் திறந்திருக்கும். சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு, எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது வெளியே பாயும் அழுத்தமும் குறைவு. மேட்டில் முழு த்ராட்டிலில் அதே 5000 வேறு எஞ்சின் மாதிரி கத்தும். இதற்கு மேல் என் வண்டியில் சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் பாடி, காற்றை உள்ளிழுக்க வாய் திறந்த ட்ரம்பெட் குழாய்கள். நின்று அளக்கும்போது மைக் பின்னால் இருக்கிறது, முன்பக்கச் சத்தம் அதற்குச் சரியாக எட்டாது. ட்ராக் ஓரத்து மீட்டர் அப்படிப் பிரித்துக் கேட்காது.

நிறுத்தி அளந்ததில் பாஸாகி ஓடும்போது மாட்டியவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா? என்ன மாற்றினீர்கள்?

நீலக்கூபே:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. குழாய் வாயில் சொருகி ஒரு போல்ட்டில் நிறுத்தும் அடைப்பான் இருக்கிறதே, அதைப் போட்டுத்தான் காலைச் சோதனையில் தேறினேன். வண்டி மூச்சுத் திணறியது, மேல் ஆர்பிஎம்மில் இழுவையே இல்லை, ஆனாலும் ஓட்டினேன். நேர்பாதையின் கடைசியில் பிரேக்கைத் தொடுவதற்குச் சற்று முன் ஒரு 'டங்'. உடனே சத்தம் இரண்டு மடங்கானது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு உலோகத் துண்டு தார் மேல் குதித்துக் குதித்து உருள்கிறது, பின்னால் வந்த வண்டி புல்லுக்குள் ஒதுங்கித் தப்பித்தது. செஷனையே நிறுத்தினார்கள். கையால் தொட முடியாத சூடு. மார்ஷல் அதை மண்வாரியில் எடுத்துக்கொண்டு வந்தார்.

சத்தத்துக்காகக் கொடி வாங்கியதைவிட அந்தப் பின்வண்டி ஒதுங்கிய காட்சிதான் மனதில் நிற்கிறது. சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து எந்த போல்ட்டும் தளரும். அடைப்பானை நம்ப வேண்டாம்.

வெல்டிங்மேசை:

நீலக்கூபே சொல்வதில் பாதிதான் சரி. அது கழன்று விழாமல் இருந்திருந்தாலும் உங்களுக்கு லாபம் இருந்திருக்காது. வாய் சுருங்கினால் வாயு வேகம் எகிறும். அந்த வேகமே தனியாகச் சீறல் சத்தத்தை உண்டாக்கும். கோட்பாட்டுப்படி வேகம் இரட்டித்தால் பாய்ச்சல் சத்தம் 18 டெசிபலிலிருந்து 24 டெசிபல் வரை ஏறும். நிறுத்தி வைத்தபோது பாய்ச்சல் குறைவு, அதனால் அடைப்பான் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. முழு லோடில் அதே ஓட்டை விசில் ஊதும்.

சத்தத்தைக் குறைக்கிறது கொள்ளளவு. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எல்லாரும் முதலில் கேட்பது குழாய் விட்டத்தைத்தான். குழாயின் குறுக்குப் பரப்பைப் போல 9 மடங்கு பரப்புள்ள ஒரு வெற்று அறை, சரியான நீளத்தில், அதிகபட்சம் சுமார் 13 டெசிபல் தடுக்கும். அதே அறையின் நீளம் அலைநீளத்தில் பாதியானால் அந்த அலைவரிசையில் ஒன்றுமே தடுக்காது. அதனால்தான் நீளம் வேறுபட்ட இரண்டு அறைகளை அடுத்தடுத்து வைக்கிறோம். பஞ்சு அடைத்த நேர்வழி மஃப்ளர் மேல் சுருதிகளை நன்றாகத் தின்னும், கீழ்ச் சுருதிகளைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிடும். ஆகவே இரண்டு வகையும் வேண்டும்.

என் அனுபவம் சின்னது. வேறு இடத்தில் செய்த கால் அலைக் குழாய், அதாவது ஒரு முனை மூடிய பக்கக் கிளை, பொருத்திய வண்டி ஒன்று என்னிடம் வந்தது. 5000 ஆர்பிஎம்மில் சத்தத்தை அறுக்கச் செய்தது, ஒரு டெசிபல்கூட அசையவில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் அந்த வேகத்துக்கு அடிப்படை அலைவரிசை 167 ஹெர்ட்ஸ். கிளையை அளந்தால் 51 செ.மீ. நொடிக்கு 343 மீட்டர் என்ற அறை வெப்பக் காற்றின் ஒலிவேகத்தில் போட்ட கணக்கு அது! 500 டிகிரி வாயுவில் ஒலி நொடிக்குச் சுமார் 557 மீட்டர் போகும். அந்த வெப்பத்தில் 167 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 83 செ.மீ. வேண்டும். அந்த 51 செ.மீ. குழாய் 270 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது எஞ்சின் எட்டவே எட்டாத 8100 ஆர்பிஎம்மில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மூடிய கிளைக்குள் வாயு பிரதான ஓட்டத்தைவிடக் கொஞ்சம் குளிர்ந்திருக்கும், அதனால் கணக்கு மட்டும் போதாது. முனையை முன்னும் பின்னும் நகர்த்தும்படி சறுக்குக் குழாய் வைத்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே நகர்த்தினேன். ஒரு இடத்தில் முள் சட்டென்று விழுந்தது. அந்த இடத்தில் வெல்டிங் வைத்தேன்.

இன்னொன்று. கேபினுக்குள் 2500 ஆர்பிஎம்மில் வரும் ரீங்காரத்தைக் கொல்லச் செய்கிற கிளைக் குழாயும் இதுவும் வேறு வேறு. அது 83 ஹெர்ட்ஸ் சமாசாரம். உங்கள் காதுக்கு நிம்மதி தரும், ட்ராக் மீட்டர் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

ரோட்டரிக்காரன்:

கணக்கெல்லாம் சரி நண்பரே, பஞ்சு எரிந்து போனால் எந்தக் கணக்கும் நிற்காது. என் ரோட்டரி (பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் எஞ்சின்) வண்டி காலையில் 96, மதியம் 101. வண்டியில் எதையும் தொடவில்லை. பின்னால் போய்ப் பார்த்தால் பம்பர் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கண்ணாடி இழை, சிலந்தி வலை கட்டியது போல. ஒவ்வொரு செஷனிலும் மஃப்ளர் தன் வயிற்றிலிருந்ததை வெளியே துப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

ரோட்டரியில் எக்ஸாஸ்ட் வால்வு கிடையாது. ரோட்டரின் முனை போர்ட்டைச் சட்டென்று திறந்துவிடும், இன்னும் எரிந்துகொண்டிருக்கிற வாயு அப்படியே வெளியே வரும். போர்ட் அருகே 900 டிகிரியைத் தாண்டும். 1991 லெ மான் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி சத்தத்தைக் கேட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் ரோட்டரியே வாங்கினேன். ஆனால் ட்ராக்கில் ஓட வேண்டுமே.

இப்போது துளைக் குழாயை ஒட்டி முதலில் ஸ்டெயின்லெஸ் கம்பிப் பஞ்சு ஒரு சுற்று, அதற்கு வெளியே பசால்ட் இழை. மஃப்ளர் மூடி ரிவெட், வெல்டிங் இல்லை. திறந்து பஞ்சு மாற்றலாம். ஒவ்வொரு சீசனுக்கும் மாற்றுகிறேன்.

மீட்டர்பக்கம்:

நான் மீட்டர் பிடித்து நிற்கிற பக்கத்து ஆள், தன்னார்வலராக. எட்டாம்வளைவுக்கு நடந்ததைப் படித்தபோது எனக்கு வேறொரு நாள் ஞாபகம் வந்தது. பெரிய வி8 ஒன்று முன்னால் போனது, நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. மீட்டரில் வரம்புக்கு 2 டெசிபல் கீழே. அதன் பின்னாலேயே சின்ன நான்கு சிலிண்டர் வண்டி, காதைக் கிழிக்கும் கரகரப்பு. 3 டெசிபல் மேலே. கொடி காட்டச் சொன்னேன். அவர் பிட்டிலிருந்து நேராக நடந்து வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "அந்த வி8 உங்களுக்குக் கேட்கவே இல்லையா?" என்றார். கோபம் நியாயமானதுதான், எனக்கும் உடம்பில் கேட்டது வி8தான். மீட்டர் ஏ வெயிட்டிங்கில், அதாவது மனிதக் காதின் உணர்வுக்கு ஏற்பத் திருத்தி, கேட்கிறது: 100 ஹெர்ட்ஸ் சத்தத்திலிருந்து 19 டெசிபலைக் கழித்துவிடும், 200 ஹெர்ட்ஸில் 11, 1000 ஹெர்ட்ஸில் ஒன்றும் கழிக்காது, 2000 முதல் 4000 வரை ஒன்று கூட்டவும் செய்யும். இடிமுழக்கம் தப்பிக்கும், கரகரப்பு மாட்டும். அவரிடம் இதை நின்று விளக்க அன்று நேரம் இருக்கவில்லை. அதுதான் உறுத்தல்.

அளவு தவறாக இருக்கலாம் என்று சொல்பவர்களுக்கு: 1000 ஹெர்ட்ஸில் 94 டெசிபல் கொடுக்கும் கேலிப்ரேட்டரை மைக்கில் மாட்டிச் சரிபார்த்துத்தான் தொடங்குகிறோம். போனில் இருக்கும் ஆப்பை இதோடு ஒப்பிட வேண்டாம், பேச்சுக்காகச் செய்த மைக் அது. கராஜ் சுவரோரம் வைத்து அளப்பதும் வேண்டாம், எதிரொலி சேர்ந்து 3 டெசிபல் வரை கூட்டிக் காட்டும். "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று சொல்வது எங்களுக்கும் வலிக்கிறது. அக்கம்பக்கத்தாரோடு போட்ட ஒப்பந்தத்தில்தான் ட்ராக்கே ஓடுகிறது, வரம்பை மீறினால் எல்லாருக்கும் சேர்த்துக் கதவை மூடுவார்கள்.

ஊசிவளைவு:

மீட்டர்பக்கம் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் மீட்டர் முன்னால் மட்டும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பவர்களை என்ன செய்கிறீர்கள்? அமெரிக்காவின் லகுனா சேகா ட்ராக்கில் ஐந்தாம் வளைவுக்கும் ஆறாம் வளைவுக்கும் நடுவே அளக்கிறார்கள். அங்கே மட்டும் கால் எடுத்து, தாண்டியதும் மிதிக்கிறவர்கள் நிறைய. குழாய் வாயை மீட்டருக்கு எதிர்ப்பக்கம் திருப்பும் வளைகுழாயும் மாட்டுகிறார்கள். என் பின்னால் வந்தவர் அந்த இடத்தில் கால் எடுக்க, அவர் பின்னால் வந்தவர் எதிர்பார்க்காமல் அவர் பம்பர் வரை வந்துவிட்டார். கண்ணாடியில் அந்த இரண்டு முகப்பு விளக்குகளும் ஒட்டினாற்போல் தெரிந்தது எனக்கு மறக்கவில்லை.

வெல்டிங்மேசை:

வளைகுழாய் பற்றி ஒரு வார்த்தை. 200 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் வெளிக்காற்றில் 1.7 மீட்டர். 63 மி.மீ. வாயை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது எல்லாப் பக்கமும் பரவும். கரகரப்புப் பகுதி மட்டும்தான் திசை பார்க்கும். ஆனால் மீட்டருக்குப் பிடிக்காததே கரகரப்புதான் என்பதால் கொஞ்சம் பலன் கிடைக்கிறது. நல்ல மஃப்ளருக்கு அது மாற்று இல்லை.

வால்வுக்கதவு:

என் வண்டியில் கம்பெனியிலிருந்தே வந்த வால்வு எக்ஸாஸ்ட், குழாய்க்குள் திறந்து மூடும் கதவு உள்ளது. நின்று அளக்கும்போது மூடி இருந்தது, 92. ட்ராக்கில் 4000க்கு மேல் தானாகத் திறந்தது, கொடி. ஸ்போர்ட் மோடை அணைத்தும் திறந்தது. எங்கே அளந்தாலும் வரம்புக்குள் இருக்கவேண்டுமென்றால் கதவு திறந்த நிலையில் டிசைன் செய்யுங்கள், மூடிய நிலை தெருவுக்கு.

அப்புறம் கியர் மாற்றும்போதும் கால் எடுக்கும்போதும் வரும் வெடிச் சத்தம். இசியூவில் (எஞ்சினை இயக்கும் கணினி) ஓவர்ரன்னில், அதாவது கால் எடுத்த பிறகும் வண்டி ஓடும்போது, எரிபொருளை முழுக்க நிறுத்தச் சொல்லுங்கள். மீட்டர் 'ஃபாஸ்ட்' நிலையில் நொடியின் எட்டில் ஒரு பங்கில் எழும்பிவிடும், ஒரு வெடிப்பு போதும்.

எட்டாம்வளைவு:

எல்லாருக்கும் நன்றி. மஃப்ளரைத் தொடும் முன் ட்ரம்பெட்டுகளை மூடிய ஏர்பாக்ஸுக்குள் (காற்றுப் பெட்டி) போடப் போகிறேன். சமமான இரண்டு சத்தங்களில் ஒன்றை முழுசாக அடக்கினாலும் 3 டெசிபல்தான் குறையும். இன்டேக், அதாவது காற்று உள்ளே போகும் பக்கம், அதே அளவுக்குக் கத்திக்கொண்டிருந்தால் பின்னால் எவ்வளவு பெரிய மஃப்ளர் வைத்தாலும் எனக்கு அந்த 4 கிடைக்காது.

ரோட்டரிக்காரன்:

ஏர்பாக்ஸ் செய்யும்போது கொள்ளளவைக் கஞ்சத்தனமாக வைக்க வேண்டாம், ட்ரம்பெட் வாய்க்கும் மூடிக்கும் இடையே நன்றாக இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மேல் ஆர்பிஎம்மில் இழுவை போகும். தட்டையான பெரிய பலகையாகச் செய்தால் அதுவே முரசு மாதிரி அதிரும், வளைவோ விலா வரியோ கொடுங்கள். போட்ட பிறகு எரிபொருள் மேப்பை (எப்போது எவ்வளவு எரிபொருள் என்ற இசியூ அட்டவணை) கட்டாயம் மறுபடி பாருங்கள். மீட்டர்பக்கம், அந்த நாள் காற்று எந்தப் பக்கம் வீசியது என்று பதிவு வைக்கிறீர்களா? காற்றின் போக்கில் நிற்கும் மீட்டருக்கும் எதிரே நிற்கும் மீட்டருக்கும் எண் வேறுபடுமே.