வெஸ்டா எந்தப் புள்ளி? உதவி தேவை

வயற்காவல், 2025 ஏப்ரல் 30:
கிளிநொச்சி, இரணைமடுப் பக்கம். சிறுபோக வயலுக்கு யானைக் காவல், அதனால் இரவில் நித்திரை இல்லை. மே 2ஆம் திகதி வெஸ்டா சிறுகோள் சூரியனுக்கு நேரெதிரே வருகிறது, பைனாகுலரில் தெரியும் என்று வாசித்தேன். என்னிடம் இருப்பது பத்து மடங்கு பெருக்குவது. மூன்று இரவாகத் தேடுகிறேன். ஃபோன் ஆப் காட்டும் திசையில் பனைதான் நிற்கிறது. அது நிற்கும் துலாம் ராசியை நானாக மட்டுக்கட்டிப் பார்த்தாலும் ஐந்தாறு புள்ளி, எல்லாம் ஒரே மாதிரி. கல் போல ஒன்றும் இல்லை.

பனங்கூடல்:
அண்ணை, கல்லாகத் தெரியாது. 525 கிலோமீற்றர் அகலம்தான், வடக்கே பருத்தித்துறையில் இருந்து தெற்கே தெய்வேந்திரமுனை வரை வைத்தாலும் மிஞ்சும். ஆனால் இருக்கும் தூரம் கோடிக்கணக்கான கிலோமீற்றர். நட்சத்திரம் போலவே தெரிந்ததால்தான் வானியலாளர் ஹெர்ஷல் 1802இல் இந்த இனத்துக்கே ‘நட்சத்திரம் போன்றது’ என்ற பொருளில் பெயர் வைத்தார். பள்ளம், மலை எல்லாம் 2011இல் போன டோன் விண்கலம் எடுத்த படங்களில்தான்.
அது சரி, ஃபோனை எங்கே வைத்துப் பார்க்கிறீர்கள்?

வயற்காவல்:
லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் இருந்துதான். ஏன்?

பனங்கூடல்:
அதுதான் பிழை! இரும்புக்குப் பக்கத்தில் ஃபோனின் திசைகாட்டி பிசகும். தள்ளி வந்து, காற்றில் எட்டு எழுதுகிற மாதிரி ஃபோனைச் சுழற்றிவிட்டுப் பாருங்கள். பத்து மணிக்குக் கிழக்கே நல்ல உயரத்தில் இருக்கும்.

கொப்பிக்காரி:
எந்தப் புள்ளி என்று ஆப்பை நம்பவேண்டாம். பைனாகுலரைக் கொட்டில் கப்பில் அழுத்திப் பிடித்து, தெரிகிற புள்ளிகளை அப்படியே கொப்பியில் கீறுங்கள். இப்போது ஒரு நாளைக்கு முழுநிலாவின் பாதி அகலம் நகரும். நாலு நாள் கழித்து இன்னொரு தரம் கீறினால் ஆள் பிடிபடுவார். 12ஆம் திகதி வெசாக் நிலா வருமுன் முடியுங்கள்.

வயற்காவல், மே 6:
முதலாம் திகதி கீறினேன். அடுத்த நாள் இடியும் முகிலும். நேற்று நிலா இறங்கிய பிறகு இன்னொரு தரம். நாலு புள்ளி அசையவில்லை, ஒன்று மட்டும் மேற்கே இரண்டு நிலா அகலம் தள்ளி! கொப்பியை மாமாவிடம் காட்டினேன். “யானையைப் பார்க்க வாங்கித் தந்ததடா அது” என்றார்.

பனங்கூடல்:
அதேதான் வெஸ்டா. அடுத்த சந்தர்ப்பம் ஏறக்குறைய 17 மாதம் கழித்து, 2026 ஒக்டோபரில்.

வயற்காவல்:
காலபோக விதைப்பு நேரம். மழை விட்டால் பார்ப்போம்.