துல்லியப் பண்ணையம்: செலவும் குறைந்து சூழலும் பிழைக்குமா?

வரப்போரம்:
துல்லியப் பண்ணையத்துக்கு மாறலாம் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நிற்கிறார். மண் சென்சார், ஜிபிஎஸ் வைத்த டிராக்டர், இடத்துக்கு இடம் உர அளவை மாற்றிப் போடும் கருவி என்று பட்டியல் நீள்கிறது. விற்க வருகிறவர்களோ "செலவும் குறையும், சுற்றுச்சூழலுக்கும் நல்லது" என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். இரண்டும் சேர்ந்தே வருமா? எதை முதலில் வாங்குவது?

கணக்குநோட்டு:
பண்ணைகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், இரண்டும் ஒரே கருவியிலிருந்து வருவதில்லை.

சீக்கிரம் காசு மிச்சம் செய்வது வழிகாட்டும் ஜிபிஎஸ். ஆர்டிகே (ஜிபிஎஸ் காட்டும் இடத்தின் பிழையைத் தரை நிலையத்தின் உதவியால் உடனுக்குடன் திருத்தும் முறை) வசதி இருந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துல்லியத்தில் வண்டி ஓடும். ஒரே சாலில் இரண்டு முறை விதை விழாது. ஏற்கெனவே மருந்தடித்த இடத்துக்குத் தெளிப்பான் வந்ததும் அந்தப் பக்கத்து நாசில்கள் தாமாக மூடிக்கொள்ளும். டீசலும் மருந்தும் குறைவது பில்லிலேயே தெரியும். நிலம் சிறிதென்றால் மட்டும் சொந்தமாக வாங்காதீர்கள், வாடகை போதும்.

உரம் வேறு கதை. தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, கூட்டக் கூட்ட லாபம் எப்படி ஏறுகிறது என்று வரைந்தால், உச்சிக்குப் பக்கத்தில் கோடு தட்டையாகிவிடும். சரியான அளவிலிருந்து கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் லாபம் பெரிதாக அசையாது. அப்புறம் அளவை இடத்துக்கு இடம் மாற்றி என்ன கிடைக்கும்? வயல் முழுக்க ஒரே மண் என்றால் அந்தக் கருவி வெறும் அலங்காரம். மேட்டில் மணல், பள்ளத்தில் களி என்றிருந்தால் யோசிக்கலாம்.

ஆனால் அதே தட்டைக் கோடுதான் சூழலுக்குச் சாதகம். உரத்தைச் சற்றுக் குறைத்தால் கைநஷ்டம் சொற்பம். பயிர் எடுக்காமல் விடும் தழைச்சத்துதான் நைட்ரேட்டாகக் கிணற்றுக்கு இறங்குகிறது. ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. நூறாண்டுக் கணக்கில், அது அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 270 மடங்கு சூடேற்றும் வாயு. இதைத் தடுப்பதன் பலன் உங்கள் வரவுப் பக்கத்தில் ஏறாது. அக்கம்பக்கத்துக்குத்தான் போகும். விற்பவர் அதைச் சொல்ல மாட்டார்.

ஈரமண்:
தண்ணீரை விட்டுவிட்டீர்களே! சென்சார் வைத்துச் சொட்டுநீர் பாய்ச்சினால் மிச்சமாவது உண்மை. ஆனால் அந்த மிச்சத்தை நம்பிக் கூடுதல் நிலத்தில் பயிர் வைத்தால் நிலத்தடி நீர் இன்னும் வேகமாக இறங்கும். அமெரிக்காவின் கான்சஸில் சிக்கனமான தெளிப்புக் கருவிக்கு மாறியவர்கள் முன்னைவிட அதிக நீர் இறைத்ததாக 2014-இல் வந்த ஆய்வு காட்டியது.

கணக்குநோட்டு:
ஒத்துக்கொள்கிறேன். மோட்டாருக்கு மீட்டர் வைத்து, ஒரு பருவத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பும் போட வேண்டும்.

வரப்போரம்:
சரி, அண்ணனிடம் என்ன சொல்ல?

கணக்குநோட்டு:
முதலில் காசு செலவில்லாத வேலை. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும், 10 மீட்டர் வரை பிரித்துக் காட்டும். மேகம் மறைத்தால்தான் தொல்லை. சில பருவப் படங்களை ஒப்பிட்டால் எந்த மூலை எப்போதும் சோடை என்று தெரியும். அங்கே மண் எடுத்துச் சோதியுங்கள். குறை உரத்தில் இல்லாமல் வடிகாலிலும் இருக்கலாம். கருவி வாங்குவதென்றால், வயல் தரவை வேறு கம்பெனி மென்பொருளுக்கு எடுத்துப்போக முடியுமா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.