பழைய சர்வர் ரெகுலேட்டரில் லேசர் டையோடை இயக்கலாமா?

கேள்வி:
பென்டியம் III காலத்துச் சர்வர் ஒன்றைப் பிரித்ததில், புராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் ரெகுலேட்டர் பலகைகள் சில கிடைத்தன. விஐடி ஊசிகளில் (வெளியீட்டு மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் ஊசிகளில்) எவற்றைத் தரையோடு இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து, வெளியீட்டை 1.3 முதல் 3.5 வோல்ட் வரை மாற்ற முடிகிறது. என்னிடமுள்ள 1 வாட், 808 நானோமீட்டர் டையோடுக்குச் சுமார் 2 வோல்ட்டும் 1.2 ஆம்பியரும் போதும். 2 வோல்ட்டில் வைத்து நேரடியாக இணைக்கலாமா?

பதில் 1:
கூடாது. அந்தப் பலகை நிலைநிறுத்துவது மின்னழுத்தத்தை; லேசர் டையோடுக்கு நிலையாக இருக்க வேண்டியது மின்னோட்டம். டையோடின் உள்தடை 0.1 ஓம் என்று கொண்டால், விஐடியின் ஒரே படியான 0.05 வோல்ட் கூடினாலே 0.5 ஆம்பியர் ஏறிவிடும். சூடேறினால் அதே மின்னழுத்தத்தில் இன்னும் அதிகமாக இழுக்கும். தளர்ந்த கம்பி ஒன்று விட்டுத் தொட்டாலும், டையோடுக்குள் பாயும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த அதில் எதுவும் இல்லை.

பதில் 2:
மேலே சொன்னது சரியே. ஆனாலும் பலகையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அதை 3.3 வோல்ட்டில் வைத்து, டையோடுக்குக் கீழே ஒரு மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர்), அந்த மின்னோட்டத்தை அளக்க 0.1 ஓம் மின்தடை, அளவை ஒப்பிட்டு மாஸ்ஃபெட்டை இயக்கும் ஆப்-ஆம்ப் சில்லு ஆகியவற்றால் நிலைமின்னோட்டச் சுற்று அமையுங்கள். ஆப்-ஆம்புக்கு மட்டும் 12 வோல்ட் கொடுங்கள். டையோடையும் 12 வோல்ட்டிலிருந்தே ஓட்டினால் மாஸ்ஃபெட்டில் ஏறத்தாழ 12 வாட் வெப்பமாக வீணாகும், 3.3 வோல்ட்டில் அது 1.4 வாட் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், இந்தப் பலகைக்கு இதுவே பொருத்தமான வேலை. மாஸ்ஃபெட் பழுதாகிக் குறுக்கிணைந்தால் (ஷார்ட் ஆனால்) டையோடு பிழைக்காது என்பதால், வரிசையில் ஒரு ஃபியூஸும் சிறு மின்தடையும் வைப்பது நல்லது.

பதில் 3:
உங்களுடைய டையோடு சி-மவுண்ட் வகையாக (சிறு செப்புக் கட்டியின் மேல் பொருத்தப்பட்டதாக) இருந்தால், அதன் செப்பு உடலே பொதுவாக நேர்முனை. பதில் 2-இல் சொன்ன சுற்றில், அதை மாட்டும் ஹீட்சிங்க்கும் (வெப்பத்தைக் கடத்தும் உலோகமும்) 3.3 வோல்ட்டில் நிற்கும். அது பெட்டியின் தரையைத் தொட்டால், பத்து ஆம்பியருக்கு மேல் தரக்கூடிய ரெகுலேட்டர் குறுக்கிணைந்துவிடும். ஆகவே மின்காப்புத் தகடு கட்டாயம். 808 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கிய சிவப்பாகவே தெரிவதால் இமை தானாக மூடிக்கொள்ளாது. 1 வாட் என்பது நான்காம் வகுப்பு லேசர், அதாவது மிக ஆபத்தான வகுப்பு. அந்த அலைநீளத்துக்கென்றே குறிக்கப்பட்ட பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சோதிக்க வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி. சுற்றை முதலில் எதை வைத்துச் சோதிப்பது?

பதில் 2:
லேசருக்குப் பதிலாக, 3 ஆம்பியர் தாங்கும் சாதாரணச் சிலிக்கான் டையோடுகள் மூன்றைத் தொடராக இணைத்து, 0.1 ஓம் மின்தடையின் குறுக்கே 1.2 ஆம்பியருக்கு உரிய 0.12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். மின்சாரத்தைப் போடும் கணத்தில் அந்த அளவு துள்ளுகிறதா என்பதையும் ஆஸிலாஸ்கோப்பில் பார்த்த பிறகே லேசரை மாட்டுங்கள்.