மறு: ‘பிரைட் ஜயண்ட்’: ஒளிர்பெருமீனா, சுடர்ப்பெருமீனா?

வணக்கம் நண்பர்களே,

‘பிரைட் ஜயண்ட்’ என்ற விண்மீன் வகைக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக அக்கா அனுப்பிய ‘ஒளிர்பெருமீன்’ சுலபமாக வாயில் வருகிறது. ஆனால் ஒளிராத விண்மீன் எது? பிள்ளைகள் இதைப் படித்தால், வானத்தில் பளிச்சென்று தெரிகிற எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

பிப்ரவரியில் இரவு ஒன்பது மணிவாக்கில் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நின்று பாருங்கள். நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகளுக்கு மேலே, தெற்கில் ஏறக்குறைய 36 பாகை உயரத்தில் நிற்பது அகத்திய மீன், அதாவது கனோபஸ். சென்னையில் இது 24 பாகைதான் ஏறும். அதற்கும் மேலே, உச்சிக்குக் கிட்டத்தில், இன்னும் பளிச்சென்று சிரியஸ். சிரியஸின் பளபளப்புக்குக் காரணம் அண்மை: தொலைவு 8.6 ஒளியாண்டு. ஆனால் விண்மீன்களை அவற்றின் உண்மையான ஒளியளவின்படி எண்ணிட்டுப் பிரிக்கும் வகுப்புகளில் அது நம் சூரியனோடு ஐந்தாவதில்தான் இருக்கிறது. அகத்தியமோ சுமார் 310 ஒளியாண்டு தள்ளி இருந்தும் இரவு வானில் இரண்டாம் இடம். சூரியனைப்போல் 70 மடங்கு அகலம், 10,000 மடங்கு ஒளி. இதுதான் இரண்டாம் வகுப்பு, நாம் பெயர் தேடும் ‘பிரைட் ஜயண்ட்’.

மார்கன், கீனன், கெல்மன் மூவரும் 1943இல் வகுத்த இந்த முறை கண்ணுக்குத் தெரியும் பளிச்சைப் பார்ப்பதில்லை, விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகளைப் பார்க்கிறது. ஊதிப் பெருத்த விண்மீனின் மேற்பரப்பில் ஈர்ப்பும் வாயு அழுத்தமும் குறைவு. அதனால் கோடுகள் மெலிந்து கூர்மையாக விழும்.

முதல் வகுப்புக்கு (சூப்பர்ஜயண்ட்) ‘மீப்பெருமீன்’, மூன்றாவதற்குப் (ஜயண்ட்) ‘பெருமீன்’ என்று வைத்துக்கொண்டால் நடுவில் உள்ளதற்கு என்ன? ‘பேரொளிப் பெருமீன்’ பொருளில் சரி, உரக்கச் சொன்னால் நாக்கு இடறுகிறது. ‘ராட்சத’ வேண்டவே வேண்டாம். வாதாபி என்ற அரக்கனைச் செரித்த அகத்தியரை அந்த வரிசையில் உட்கார வைக்க எனக்கு மனமில்லை.

‘அகத்திய வகை’ என்றே வைக்கலாம் என்று தம்பி எழுதியிருந்தார். பரிபாடல் ‘பொதியில் முனிவன்’ என்று சொன்ன மீன், ஆசை புரிகிறது. ஆனால் அது ஒரு மீனின் பெயர். சிரியஸுக்குத் தெற்கே உள்ள அதாராவும் இரண்டாம் வகுப்புதான், அது கொதிக்கிற நீல மீன். அப்புறம், நம் அண்டை வீட்டுச் சீனருக்கு அகத்தியம் ஆயுள் தரும் தென்துருவ முதியவர். புகிஸ் பக்கம் ஃபூ லூ ஷோ காம்ப்ளெக்ஸ் இருக்கிறதே, அந்தப் பெயரில் உள்ள ‘ஷோ’ அவர்தான்: நெற்றி புடைத்து, தடியும் பீச் பழமுமாகச் சிரிக்கும் கிழவர். குள்ள முனிவரும் கிழவரும் ஒரே மீன் என்பதை வகுப்பறையில் சொல்லுங்கள், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். கலைச்சொல்லில் திணிக்க வேண்டாம்.

என் ஓட்டு ‘சுடர்ப்பெருமீன்’. திங்களையும் சுடர் என்றார்களே என்பீர்கள். சரி, ஆனால் இன்று சுடர் என்றால் தானே எரிவதுதான் நினைவுக்கு வருகிறது. பெயர்ச்சொல்லாகக் கொண்டதால் ‘ப்’ போட்டேன்; வினைத்தொகையென்றால் ‘சுடர்பெருமீன்’. ஐயா ஒற்றைப் பார்த்துச் சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.